சல்லடை யார் கையில்?

கொச்சி, மட்டாஞ்சேரி பஜார் சாலையின் பழைய கிடங்குகளுக்கு இரண்டு வாசல். ஒன்று தெருவைப் பார்க்கும், மற்றது காயலைப் பார்க்கும். வள்ளத்தில் வந்த மூட்டை பின்வாசலில் ஏறும்; தெருவாசலில் விலை படியும். இன்று அவற்றில் பல பழம்பொருள் கடைகளாகவும் ஓவியக் கூடங்களாகவும் மாறிவிட்டன. மிளகு வாசம் இன்னும் போகாத ஒரு கிடங்கில் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றிருந்தேன். கம்பத்திலிருந்து வந்து முப்பது வருடமாக அங்கேயே வேலை செய்யும் ஒருவர் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கையில் ஒரு குத்தூசி. மூட்டையின் வயிற்றில் அதைச் சாய்வாகச் செருகினார். குழல் வழியாக மிளகு சரிந்து உள்ளங்கையில் விழுந்தது. இரண்டு கையாலும் தேய்த்தார், மோந்து பார்த்தார், உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு மணியை எடுத்துக் கடித்தார். பிறகு ஒரு லிட்டர் பாத்திரத்தை மிளகால் நிரப்பி, கோலால் மேல்மட்டம் வழித்து, தராசில் வைத்தார். லிட்டருக்கு 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. பொக்கு மணி கூடினால் எடை இறங்கும். அடுத்த அடுக்குக்குப் போகும் முன், அடியில் நசுங்கிக் கிடந்த மூட்டைகளை இழுத்து வெளியே போடச் சொன்னார். "மேல் மூட்டையை எல்லாரும் குத்துவாங்க சார். அடி மூட்டையைத்தான் குத்தணும்" என்றார்.

வணிக நெறி பற்றி நான் படித்த அறிக்கைகளும் கையேடுகளும் ஏராளம். நிறுவனங்கள் உயர்ந்த நெறிமுறைகளைத் தங்கள் தொழிலுக்குள் எப்படிக் கட்டமைத்துக்கொள்வது என்பது இன்று ஒரு தனித் துறை. அதற்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன, சான்றிதழ்கள் இருக்கின்றன. அவை வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துறை கேட்க வேண்டிய முதல் கேள்வி மட்டாஞ்சேரியில் பல நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. குத்தூசி யார் கையில்? எந்த மூட்டையைக் குத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? குத்திப் பார்த்தவர் வேண்டாம் என்றால் அந்த வார்த்தை நிற்குமா?

மிளகு வியாபாரத்தில் 'மலபார் கார்பிள்டு' என்று ஒரு தரம் உண்டு. தூசி, காம்பு, பொக்கு எல்லாம் சலித்து நீக்கிய மிளகு. சலிக்காதது 'அன்கார்பிள்டு'. இந்தச் சொல்லின் வேர் அரபு மொழியில் சல்லடையைக் குறிக்கும் சொல். அரபு வணிகர்களிடமிருந்து மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இடைக்கால லண்டனில் 'கார்ப்ளர்' என்றே ஒரு நகர அதிகாரி இருந்தார். நறுமணப் பொருள் விற்கும் எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து, சரக்கைச் சலித்துப் பார்க்க அவருக்கு உரிமை இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது. பிற்பாடு ஆங்கிலத்தில் இதே சொல்லுக்குத் 'திரித்துச் சொல்லுதல்' என்ற பொருள் வந்துவிட்டது. வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்தால் மிஞ்சுவது திரிபுதான் என்பதை மொழி தானாகவே கண்டுகொண்டது போலிருக்கிறது. நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் நெறி பற்றிய பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல்லின் கதை என் நினைவுக்கு வருகிறது.

லண்டனுக்கும் முன்னால் இந்தக் கரையில் அந்த எண்ணம் இருந்தது. கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், கொல்லத்தில் இருந்த கிறித்தவப் பள்ளிக்குப் பல உரிமைகளை வழங்குகின்றன. எடைக்கும் அளவைக்குமான காவல் பொறுப்பு அவற்றில் ஒன்று. வாங்குபவனும் விற்பவனும் சந்தேகப்படாத ஓர் இடத்தில் தராசு இருக்க வேண்டும் என்பது 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஏற்பாடாகிவிட்டது. பண்டகசாலை என்று நாம் சொல்வதை மலையாளத்தில் பாண்டிகசாலை என்கிறார்கள். தராசும் சொல்லும் ஒரே கடலோரத்தில் வளர்ந்தவை.

இனி 2012-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்கு வருகிறேன். அந்த மாதம் 12-ஆம் தேதி கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக்காட்சி முதன்முறையாகத் தொடங்கியது. பழைய கிடங்குகளில் ஓவியங்களும் சிற்பங்களும் வைக்கப்பட்டு, உலகம் கொச்சியைத் திரும்பிப் பார்த்தது. அதே மாதத்தில் கொச்சியின் வேறு சில கிடங்குகளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை சீல் வைத்தது. உள்ளே இருந்தது மிளகு, 6,000 டன்னுக்கு மேல். தேசிய அளவிலான முன்பேர வணிகச் சந்தையான என்.சி.டி.இ.எக்ஸின் அங்கீகாரம் பெற்ற கிடங்குகள் அவை. மிளகில் கனிம எண்ணெய் கலந்திருக்கிறது என்பது குற்றச்சாட்டு.

பழைய மிளகு வெளுக்கும், பூசணம் லேசாகப் படரும், தூசி ஒட்டும். கனிம எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசினால் மணி கறுப்பாகப் பளபளக்கும். பூசணம் கண்ணுக்குத் தெரியாது. பார்வைக்குப் புதுச் சரக்கு. ஆனால் அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, உணவில் சேரக் கூடாதது. என்னை அதிகம் வாட்டியது அந்தச் சரக்கு இருந்த இடம். தெருவோரக் கடையின் பொட்டலத்தில் கண்டிருந்தால் கலப்படம் என்று சொல்லிக் கடந்து போயிருப்போம். இங்கே தரம் பார்க்கப்பட்டது, சான்று கொடுக்கப்பட்டது, அந்தச் சான்றை நம்பி மும்பையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணால் காணாத மிளகைக் கணினித் திரையில் வாங்கினார், விற்றார். ஈரப்பதம், பொக்கு, அந்நியப் பொருள் என்று அளந்த பட்டியலில் எண்ணெய் எங்கே பிடிபட்டிருக்க வேண்டும் என்ற கேள்வியை வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கும்போது, சரக்கு மலையாகக் குவிந்துவிட்டது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. சந்தையில் மிளகு முன்பேர வணிகமும் நின்றுபோனது.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் 1957-இல் தொடங்கிய மிளகு வணிகச் சங்கத்துக்கு இது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வட்டமாக நின்று கூவி விலை சொல்லி மிளகு விற்ற இடம் அது. கூவியவர் முகம் எல்லோருக்கும் தெரியும். சரக்கு மோசமென்றால் மறுநாள் காலை அதே வட்டத்தில் அதே முகங்களுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அந்த வெட்கம் ஒரு காவல். கணினித் திரைக்கு அந்த வெட்கம் இல்லை. அந்த இடத்தை நிரப்ப மூன்றாவது கை ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் கைக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. கிடங்கில் சரக்கு நிறைய நிறைய வருமானம் வருகிறவரிடமே சரக்கைத் தள்ளிவிடும் பொறுப்பையும் கொடுத்தால், எத்தனை நல்லவராக இருந்தாலும் அவர் கை தயங்கும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சணல் நாரை மென்மையாக்க ஆலைகள் காலங்காலமாகக் கனிம எண்ணெயையே பயன்படுத்தி வந்தன. அப்படி நெய்த சாக்கில் மிளகோ காப்பிக்கொட்டையோ மாதக்கணக்கில் கிடந்தால் எண்ணெய்த் தடம் உள்ளே இறங்கும். உணவுப் பொருளுக்கென்று தாவர எண்ணெய் கொண்டு நெய்த தனிச் சாக்குகள் 1990-களின் இறுதியிலேயே சர்வதேசத் தரம் பெற்றுவிட்டன. அவை விலை கூடியவை. ஒருவர் வேண்டுமென்றே எண்ணெய் பூசுகிறார், இன்னொருவர் மலிவுச் சாக்கு வாங்குகிறார். முதலாமவரைக் குற்றவாளி என்கிறோம். இரண்டாமவரைச் சிக்கனக்காரர் என்று பாராட்டிச் சம்பளம் உயர்த்துகிறோம். சாப்பிடுகிறவர் வயிற்றில் போய்ச் சேர்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. நிறுவனத்துக்குள் நெறியைக் கொண்டுவர விரும்புகிறவர்கள் இந்த இரண்டாவது மனிதரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் எண்ணம். முதலாமவருக்குப் போலீஸ் இருக்கிறது.

மிளகாயின் கதை இதைவிடத் தெளிவானது. 2003-ஆம் ஆண்டு மே மாதம் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த் தூளில் சூடான் என்ற சிவப்புச் சாயத்தைப் பிரான்ஸ் கண்டுபிடித்தது. மெழுகுக்கும் காலணிப் பூச்சுக்கும் போடும் சாயம். 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் ஒரே ஒரு சாஸில் கலந்த மிளகாய்த் தூளால் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சாஸ் பீட்சாவில் இருந்தது, பீட்சா பெட்டியில் இருந்தது, பெட்டி ஊரெங்கும் இருந்தது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியம் 2003 முதலே ஏற்றுமதியாகும் மிளகாய்ச் சரக்குகளுக்குச் சூடான் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது. கப்பல் ஏறும் முன் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும். அது பலன் தந்தது. உபதேசத்தால் திருந்தாத ஒன்று, சோதனை முடிவு வராமல் பெட்டி ஏறாது என்றதும் திருந்தியது.

ஆனால் ஏற்றுமதிப் பெட்டிக்கு மட்டும்தான் அந்தக் கட்டாயம். இந்த இடத்தில் மனம் கனக்கிறது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாப் பொருட்களில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி விற்பனையை நிறுத்தின. உடனே அந்த இரண்டு இடங்களுக்கும் போகும் சரக்குகளுக்குச் சோதனை கட்டாயமானது. எத்திலீன் ஆக்சைடு ஒரு வாயு. மசாலாவில் உள்ள சால்மொனெல்லா போன்ற கிருமிகளைக் கொல்லும். புற்றுநோய் உண்டாக்கவும் வல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நறுமணப் பொருட்களுக்கு அதன் வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அமெரிக்காவில் 7 மில்லிகிராம். சிங்கப்பூரில் 50. ஹாங்காங்கில் அனுமதியே இல்லை. கிருமி இருந்தால் அமெரிக்கா திருப்பி அனுப்பும், வாயுவின் தடம் இருந்தால் ஐரோப்பா திருப்பி அனுப்பும். நீராவியால் கிருமி நீக்கலாம்; ஆனால் அதற்கு இயந்திரச் செலவு உண்டு, மணமும் நிறமும் சற்றுக் குறையும்.

கொச்சியைச் சுற்றியுள்ள ஏற்றுமதியாளர்கள் இந்த வரம்புகளை விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டுக்கு எந்தச் சரக்கு என்று பிரித்து வைக்கிறார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆயினும் ஐரோப்பியக் குழந்தை சாப்பிடக் கூடாது என்று ஒதுக்கியதை வேறொரு குழந்தையின் தட்டுக்கு அனுப்பும்போது நாம் கடைப்பிடிப்பது நெறியா, வெறும் முகவரியா? எல்லாச் சந்தைக்கும் ஒரே சல்லடை என்று ஒரு நிறுவனம் முடிவு செய்தால் அதன் விலை ஏறும், போட்டியில் பின்தங்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன், அந்த முடிவை எடுத்த நிறுவனத்தைத்தான் நெறியுள்ளது என்று சொல்ல முடியும்.

உள்ளூர்த் தட்டில் என்ன விழுகிறது என்பதைத் தமிழர்கள் பலர் 2023 ஜனவரியில் அறிந்தார்கள். சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பை மீறியிருப்பதாக ஆய்வக அறிக்கை வந்து, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. 2024-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்ட முடிவு எப்படியிருந்தாலும், விஷயம் வெளியே வந்த விதம் கவனிக்க வேண்டியது. நீதிமன்றத்துக்குப் போனவர் ஏலக்காய் வழங்கும் ஒப்பந்தம் கிடைக்காத போட்டி வியாபாரி. அவருக்கே அந்த ஒப்பந்தம் கிடைத்திருந்தால் கேள்வி எழுந்திருக்குமா என்று தெரியாது. கொள்முதல் முறைக்குள்ளேயே இருக்க வேண்டிய குத்தூசியைப் போட்டியாளரின் கோபம் ஏந்தி வந்தது.

சல்லடையால் பிடிக்க முடியாத பொய்யும் உண்டு. வியட்நாமில் விளைந்த மிளகு இலங்கை வழியாக, வரிச் சலுகையோடு, இலங்கைச் சரக்கு என்ற பெயரில் இந்தியாவுக்குள் வருகிறது என்று வயநாட்டிலும் இடுக்கியிலும் விவசாயிகள் நெடுங்காலம் குரல் எழுப்பினார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தது. மலபார் மிளகு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் குத்தூசியில் விழும் மணி எந்த மண்ணில் விளைந்தது என்று உள்ளங்கைக்குத் தெரியாது. அதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும். காகிதம் உண்மையாக இருக்க வேண்டுமென்றால் எழுதுகிறவருக்குப் பொய் எழுதும் நெருக்கடி இருக்கக் கூடாது.

இதுவரை சரக்கைப் பற்றிப் பேசினேன். மட்டாஞ்சேரியில் நெறி பற்றிப் பேசிவிட்டு மனிதர்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது.

ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-இல் தொடங்கிக் கட்டியெழுப்பிய நவீனத் துறைமுகத்தில் சாப்பா என்று ஒரு வழக்கம் இருந்தது. விடியும் முன்பே தொழிலாளர்கள் கூடுவார்கள். ஆள் எடுக்கும் மூப்பன் கையில் உலோக வில்லைகள். கூட்டத்தின் நடுவே அவற்றை வீசி எறிவான். பாய்ந்து, மிதித்து, அடித்துப் பிடுங்கி எவன் கைக்கு வில்லை வருகிறதோ அவனுக்கு அன்று கப்பலில் வேலை. கிடைக்காதவன் காயத்தோடு வீட்டுக்குப் போவான். வில்லையின் பெயர்தான் சாப்பா. இதை ஒழிக்கக் கோரி 1953-இல் கொச்சித் துறைமுகத் தொழிலாளர்கள் இரண்டரை மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. அந்தப் போராட்டத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக்கினார். அந்த நாடகத்தை வைத்து ராஜீவ் ரவி எடுத்த 'துறைமுகம்' படம் 2023-இல் வெளிவந்தது.

சாப்பா எறிந்தவன் கப்பல் நிறுவனத்தின் ஊழியன் அல்ல என்பதை யோசித்துப் பாருங்கள். நிறுவனம் சரக்கிறக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்தது. ஒப்பந்தக்காரர் மூப்பனிடம் கொடுத்தார். மூப்பன் வில்லையை எறிந்தான். லண்டன் அலுவலகத்தில் இருந்த கனவான் யாரையும் மிதிக்கவில்லை. அவருடைய கணக்குப் புத்தகத்தில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று ஒரு வரிதான் இருந்திருக்கும். இன்றைய நிறுவனங்கள் சப்ளை செயின் என்று சொல்வதன் அசல் வடிவம் இது. வேலை கைமாறுகிறது, கைமாறும்போது பொறுப்பு உதிர்ந்துவிடுகிறது.

சாப்பாவை முடிவுக்குக் கொண்டுவந்தது எது? போராட்டம்தான் கதவைத் திறந்தது. ஆனால் கதவு மூடிக்கொள்ளாமல் பிடித்தது ஒரு பதிவேடு. 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னை என்று ஒவ்வொரு துறைமுகமாக 1950-களில் தொழிலாளர் வாரியங்கள் வந்தன. கொச்சியிலும் வந்தது. 1962-இல் சாப்பா ஒழிந்தது. வாரியத்தில் பெயர் பதிந்த தொழிலாளிக்கு முறை வைத்து வேலை. வேலை இல்லாத நாளில் வந்து நின்றாலும் ஒரு தொகை. எறிவதற்கு மூப்பன் கையில் எதுவும் இல்லை. மூப்பன்கள் மனம் திருந்தினார்களா என்று யாரும் காத்திருக்கவில்லை. அவர்கள் கையிலிருந்து வில்லையை எடுத்துவிட்டார்கள். நிறுவனங்களுக்கு நெறி சொல்ல வருகிறவர்கள் படிக்க வேண்டிய பாடங்களில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது.

அதே கேரளத்தில் பிறகு நோக்குக்கூலி என்ற தீமையும் வளர்ந்தது. இயந்திரம் இறக்கினாலும், வீட்டுக்காரரே இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்பது. 2018 மே 1 முதல் மாநில அரசு அதைத் தடை செய்தது. சாப்பாவில் பட்ட அடியின் நினைவு நோக்குக்கூலியை நியாயமாக்காது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, தொழிலாளர் உரிமை என்றாலே தொல்லை என்று முடித்துவிடும் முதலாளிகளோடும் எனக்கு உடன்பாடில்லை. பதிவேடு சரியாக இயங்கும் இடத்தில் இரண்டுக்கும் வேலை இல்லை.

இன்று சாப்பா எங்கே இருக்கிறது என்று தேடினால், நான் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு மலைச்சாலைகளைக் காட்டுவேன். தேனி மாவட்டத்தின் ஊர்களிலிருந்து தினமும் விடியும் முன் ஜீப்புகள் கிளம்புகின்றன. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இருக்கைகளைவிடத் தலைகள் அதிகம். ஒருத்தி மடியில் இன்னொருத்தி, காலுக்கிடையில் சாப்பாட்டுத் தூக்குவாளி, கொண்டையூசி வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்கிறார்கள். இந்தச் சாலைகளில் நடந்த விபத்துகளைத் தேனிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அந்தக் கைகள் எடுத்த ஏலக்காய் தரம் பிரிக்கப்பட்டு, ஏலத்தில் விலை போய், கொச்சி வழியாகக் கடல் கடக்கிறது.

2023 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் தருபவர்களிடத்தில் மனித உரிமை மீறல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, 2024 முதல் 1,000 பேருக்கு. அதன் பயனாகக் கேள்வித்தாள்கள் கொச்சிக்கு வருகின்றன. குழந்தைத் தொழிலாளர் உண்டா, தீயணைப்பான் உண்டா, கழிப்பறை உண்டா. தணிக்கையாளர் வருகிறார், ஆலையைச் சுற்றிப் பார்க்கிறார், தலையுறை போட்ட பெண்கள் வரிசையாக நின்று பொறுக்குவதைப் படம் எடுக்கிறார், திருப்தியாகப் போகிறார். அவர் குத்தியது மேல் மூட்டை. ஜீப் அடி மூட்டை. விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பத்தில் நின்று எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணும் தணிக்கைதான் எனக்கு வேண்டும். ஏலக்காய் வாங்கும் நிறுவனம் தோட்டத்தோடு பேசும் விலையில் ஒரு பேருந்தின் வாடகையைச் சேர்த்தால் கிலோவுக்கு எவ்வளவு கூடும் என்று அதன் கணக்காளரால் அரை மணி நேரத்தில் சொல்லிவிட முடியும்.

சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் உள்ளிருந்து குறை சொல்பவரைக் காக்க ஒரு வழி வைக்க வேண்டும் என்கிறது. முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் பொறுப்பு, நிலைத்தன்மை பற்றிய விரிவான அறிக்கையை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, 2022-23 நிதியாண்டு முதல் தங்கள் ஆண்டறிக்கையில் கொடுக்கின்றன. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம், லஞ்சம் கொடுத்த நிறுவனத்தையே குற்றவாளியாக்குகிறது. தக்க தடுப்பு முறைகள் வைத்திருந்தோம் என்று காட்டினால் தப்பலாம் என்றும் சொல்கிறது. எல்லாம் நல்லவை. ஆனால் மட்டாஞ்சேரியின் பெரும்பாலான மிளகு வணிகம் குடும்பத் தொழில், பங்குதாரர் தொழில். பங்குச் சந்தையின் விதிகள் அந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை. அங்கே நெறியைக் கட்டுவதற்கு அந்தத் தெருவின் பாஷையில் பேச வேண்டும்.

அந்த பாஷையில் நான் முதலில் கேட்பது, தரம் பார்ப்பவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பது. கொள்முதல் மேலாளரின் கீழே அவரை வைத்தால், மாதக் கடைசியில் கப்பலுக்குச் சரக்குக் குறையும் நாளில் அவர் குத்தூசி வளைந்துவிடும். அவர் முதலாளியிடம் நேரே பேசட்டும். அவர் தள்ளிய மூட்டையை ஏற்க வேண்டுமென்றால் முதலாளியே தன் கையெழுத்தைப் போடட்டும். அடுத்தது விலை. மிளகு முற்றும் முன்பே பறிப்பதால்தான் பொக்கு கூடுகிறது. முன்பே பறிப்பது அறுவடைக் காலத்துக் கடனால். டிசம்பரில் முன்பணம் கொடுத்து, முற்றிய மணிக்கும் பாயில் உலர்த்தியதற்கும் கூடுதல் விலை தரும் நிறுவனம், ஆய்வகத்தில் செலவழிப்பதில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தும். சரக்கு கொடுத்தவருக்குப் பணத்தை இழுத்தடிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வெறும் வியாபாரிக்கும் விவசாயிக்கும் அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. ஆறு மாதம் பணம் வராதவன் ஏழாவது மாதம் மிளகில் கலக்கப் பப்பாளி விதையைத் தேடுகிறான். அவனை நான் மன்னிக்கவில்லை. அவனை அந்த இடத்துக்குத் தள்ளியவர்கள் சுவரில் நெறிமுறைச் சட்டகம் மாட்டியிருப்பதையும் மறக்கவில்லை.

கடைசியாக ஒன்று, இதைப் பற்றி எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. தள்ளிய சரக்கு. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு ஏற்றுமதி செய்தோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எவ்வளவு தள்ளினோம், ஏன் தள்ளினோம், தள்ளியது எங்கே போனது என்பதற்குப் பெரும்பாலும் கணக்கு இல்லை. ஈரம் கூடுதலாக இருந்ததால் தள்ளியதை உலர்த்தலாம். பொக்குக்காகத் தள்ளியதை எண்ணெய் வடிக்கும் ஆலைக்குக் கொடுக்கலாம். எண்ணெய் பூசியதை எங்கேயும் அனுப்பக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் பிரித்து எழுதும் ஒரு பதிவேட்டை எந்த நிறுவனமாவது எனக்குக் காட்டினால் அதன் மற்ற அறிக்கைகளை நான் கேட்க மாட்டேன்.

அந்தக் கிடங்கில் அன்று காலை இரண்டு மூட்டைகள் கழிந்தன. கம்பத்துக்காரர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்தும் பிசுக்குப் போகவில்லை. சாக்கில் சுண்ணாம்பால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாக நகர்த்தச் சொன்னார். இது எங்கே போகும் என்று கேட்டேன். "கொண்டு வந்தவர் எடுத்துட்டுப் போவார். வேற இடத்துல கொடுப்பார். அதை நாம கேக்க முடியாதுங்க" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது வாசலில் ஒரு சின்ன வண்டி நின்றது. இரண்டு மூட்டைகளையும் ஏற்றி முடித்திருந்தார்கள். வண்டி பாலத்துப் பக்கம் திரும்பி எர்ணாகுளத்தை நோக்கிப் போனது. சுண்ணாம்புக் குறி வெளியே தெரியும்படிதான் இருந்தது.